அறுபத்திரண்டு

காரணம்பேட்டை தாண்டி ஒரு தறிக் கொட்டாயில்
ஆறு மைக் கட்டினேன்.
பஞ்சுத் தூசி அடைக்காதிருக்க
ஒவ்வொன்றுக்கும் ஒரு குழந்தை சாக்ஸ்.

முதலாளி சென்னியப்பன் கேட்டது ஒன்றுதான்:
"யாரு பேசறாங்கன்னு பேரோட காட்டோணுங்."

குரல் பதிய, ஏசி அறைக்கு
ஒவ்வொருவராக வந்தார்கள்.
ஆளுக்கு மூன்று தடவை ஒரே வாக்கியம்:
இன்னிக்கு ஊடை நல்லா இருக்குது.
ஒடிசாவிலிருந்து வந்த பிபூதிக்கு
ஊடை, ஊடு ஆகிவிட்டது.
"இருந்தாச் சரி" என்றாள் மாரக்காள்.

அந்த அறையில் பேசிய ஒரு குரலும்
கொட்டாய்க்குள் இல்லை.
நாற்பது தறிக்கு நடுவே
தொண்டை வேறு தொண்டை.
மாரக்காளின் ஆகாரம் ஒரு முழம் நீள்கிறது,
பிபூதி கீச்சென்று ஏறிவிடுகிறான்.
அதுவும் எப்போதாவதுதான்.
பாவு தீர்ந்தது, டீ வந்தது,
மேஸ்திரிக்கு இன்றைக்கு என்ன கடுப்பு,
எல்லாம் உதட்டிலேயே முடிந்துவிடும்.
என் திரையில்
இருபது பேரும் பேசாதவர்கள்.

வெள்ளிக்கிழமை பதினொன்று பத்துக்கு
நாற்பது தறியும் நின்றன.
அரை மணி நேரம்.
முதலாளி அப்போது சோமனூரில்,
கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில்.

பதிவைத் திறந்தேன்.
மோட்டார் உறுமலை உரித்தேன், நாடா அடியை உரித்தேன்,
காற்றாடியை உரித்தேன்.
உள்ளே ஒற்றைக் குரல்:
"நிறுத்துங்க எல்லாத்தயும்!"
நாலாம் மைக். பெண்.
மாரக்காள், அறுபத்திரண்டு சதவீதம்.

"அறுவத்திரண்டுன்னா பாஸ்தானுங்களே?"
கணக்குப் புத்தகத்தை மூடினார்,
அவள் கணக்கையும் சேர்த்து.

இன்னொரு தடவை கேட்டேன்.
அது நான்.
நாலாம் மைக்கை மாற்ற ஏணியில் நின்றபடி
அறையின் வெறும் சத்தத்தை அளக்க
இரண்டு நிமிடம் கேட்டவள்.
அளந்துவிட்டுப் போனேன்.
ஓட்டச் சொல்ல மறந்தேன்.
என் குரலைப் பட்டியலில் சேர்க்கவும்தான்.

"நீங்க ஓட்டச் சொல்லலீங்களே"
என்றார்கள் இருபது பேரும் பின்னால்,
முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

முதலாளி நம்பவில்லை.
ஏசி அறையில் உட்கார்ந்து
மூன்று தடவை சொன்னேன்:
இன்னிக்கு ஊடை நல்லா இருக்குது.
இயந்திரம் யோசித்தது.
நாற்பத்தொன்று.

"உங்களுது பத்தலீங்களே."

வேறு வழியில்லை.
அவரைக் கூட்டிக்கொண்டு கொட்டாய்க்குள் போனேன்.
ஏணி ஏறினேன், சாக்ஸ் போட்ட மைக்கிடம்
அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

நாற்பதும் நின்றன.
பிபூதியின் தறி கடைசியாக
ஒரு அடி அதிகம் அடித்து நின்றது.

ஆறு மைக்கும் திறந்திருந்தன.
கொட்டாயே கேட்குமளவு அமைதி.
அந்த அமைதியில் மாரக்காள்
பழக்கம் விடாமல், உதட்டால் மட்டும்
என்னவோ சொன்னாள்.

எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கும் முதலாளிக்கும்தான்
புரியவில்லை.