இறைப்பு

காலை எட்டரை. இன்கியூபேற்றரைத் திறக்கிறேன்.
முந்திரிகைப்பழம் நொதித்த வாசம்,
தட்டில் பாசியின் பச்சை.
பன்னிரண்டாம் வார்ட், பதினேழாம் கட்டில்,
பேரின்பம், வவுணதீவு, வலக்கால் புண்.

நேற்று ஆறு வில்லைகள் வைத்தேன்.
மருந்து ஊறிய இடத்தைச் சுற்றி
வெறும் நிலமாய் ஒரு வட்டம் விழவேண்டும்.
ஐந்தைச் சுற்றி விழவில்லை.
வில்லையின் விளிம்பை முட்டி
முளைத்து நிற்கிறது, வரப்பு மீறிய கோரை.
ஆறாவதற்கு மட்டும் ஒரு சின்ன வட்டம்.
அடிமட்டம் வைத்து அளந்தேன்,
கொஞ்சம் கூடுமோ என்று இன்னொருமுறை அளந்தேன்.
கூடவில்லை.

டொக்டருக்குச் சந்தேகம். "திரும்ப எடுங்கோ."
பஞ்சுக்குச்சியோடு போனேன்.
"எனக்குள்ள இரிக்கிறது என்ன மிஸ்?"

தெரிந்தமட்டில் சொன்னேன்:
அதற்கு இரண்டு சுவர்.
இரண்டையும் துளைத்து ஒரு குழாய்.
மருந்து உள்ளே போகிறதுதான், போகாமலில்லை.
போனது வேலை தொடங்கமுதல்
அள்ளி வெளியே எறிந்துவிடுகிறது.

ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
மழைக்காலத்தில் வயலுக்கு வயல்
பம்பு வாடகைக்கு விடுகிற மனிதர்.
"எத்தினை இஞ்சி?"

ஒரு தலைமுடியின் குறுக்கே
ஆயிரக்கணக்கில் அடுக்கலாம்.
"எண்ணெய் என்ன ஊத்துற?"
எண்ணெய் இல்லை. சுவருக்கு வெளியே
புரோத்தன்கள் நெருக்கியடித்து நிற்கும்.
ஒன்று உள்ளே சறுக்கும்;
அந்த இழுப்பில் ஒரு மருந்து வெளியே.
"அப்ப செலவில்லாத மெசின்," என்றார்
கொஞ்சம் பொறாமையோடு.
"எல்லா மருந்துக்கும் ஒரே பம்பா?"
பல மருந்துக்கு ஒன்றே போதும். பெயர் கேளாது.
"மழ கூடினா நாங்க ரெண்டாவதையும் இறக்குவம்."
அதுவும் இறக்கும்.
"வாயில வைக்கல் அடைச்சா நிண்டிடுமே?"
அடைக்கத்தான் பார்க்கிறார்கள், எங்கெங்கோ.
எங்கள் அலுமாரியில் அந்த வைக்கோல் இல்லை.

முன்னம் சிப்ரோ குடித்தீர்களா?
"மூண்டு நாள் குடிச்சன், நோவு விட்டிச்சு.
மறுகா மிச்சத்த எருமைக் கண்டுக்குக்
கரைச்சுக் குடுத்தன்.
அது நல்லா இரிக்கு," கேளாமலே சொன்னார்.

பம்பின் வேலைதான் இது என்று
சத்தியம் பண்ண எங்களிடம் கருவியில்லை.
சுவரை இறுக்கியிருக்கலாம்,
மருந்தை வெட்டும் கத்தி ஏதும் வைத்திருக்கலாம்.
பம்பைச் சொன்னேன்.
அவருக்குச் சொல்லக் கிடைத்தது அதுதான்.

தலையணைக்கடியில் போன் அடித்தது.
மகன். வெள்ளம் இடுப்பளவாம்,
யாரோ மூன்று நாளைக்குக் கேட்கிறார்களாம்.
"குடு. முற்பணம் வாங்கு."

பஞ்சைக் குழாயில் இட்டு மூடியபடி கேட்டேன்:
நீங்கள் இறைக்கிற தண்ணீர் எங்கே போகும்?
"பக்கத்து வயலுக்கு."
சிரித்தார்; கால் அசைந்து முகம் சுளித்தார்.
"அவனும் என்னட்டத்தான் பம்பு எடுப்பான்."

மறுநாள் தட்டிலும் அதே பச்சை.
ஆறாவது வட்டம்
ஒரு மில்லிமீற்றர் குறைய.
எழுதிக் கையொப்பமிட்டேன்.
இரண்டு தட்டையும் பையில் கட்டி
ஓட்டோகிளேவுக்குள் வைத்துத் திருகினேன்.
நூற்றிருபத்தொரு பாகையில்
எந்தப் பம்பும் ஓடாது.
தட்டு மட்டும்தான் கொள்ளும் அதற்குள்.