தூங்குகிறது என்கிறது

நானூற்றுப் பதினேழாம் செஷன்
தூங்குகிறது என்கிறது நிலைப் பத்தி.
இதை நம்பிக் கெட்ட இரவுகள் எனக்குண்டு.
தூங்குகிற எல்லாமும்
கையை விரித்துத் தூங்குவதில்லை.

தரமணி. ஏழாம் மாடி. இரவு பதினொன்று பத்து.
அதன் பின்னால் இருபத்து மூன்று செஷன்கள்,
பிளாஸ்டிக் குடம் போட்டு இடம் பிடித்ததுபோல்,
ஒரே ஒரு வரிக்காக நிற்கின்றன:
தண்ணீர் லாரி நாற்பத்தொன்று, நாளைய முதல் நடை.

பிடித்திருப்பவர் எபிநேசர், வேளச்சேரி டிப்போ.
மாலை ஆறு நாலுக்கு எதையோ மாற்றினார்.
கமிட் கொடுக்காமல் எழுந்து போய்விட்டார்.
டீக்கா, மழைக்கு முன் பறக்கும் ரயிலைப் பிடிக்கவா,
சர்வருக்குத் தெரியாது.
பாதி வாக்கியத்தில் எழுந்துபோனவருக்காக
அது வாயைப் பார்த்தபடியே இருக்கும்.

பக்கத்துத் திரையில் மாதாந்திர அறிக்கை
ஆறு மணிக்குத் தொடங்கியது, ஸ்னாப்ஷாட்டில்.
அதற்கு இன்னமும் ஆறு மணிதான்.
ஏரியில் அதே அடி, அதே வறண்ட கணக்கு.
கண்ணாடிக்கு வெளியே ஓ.எம்.ஆர்.
முழங்கால்வரை நனைந்துவிட்டது.
பொய் சொல்லவில்லை அது,
உள்ளே நுழைந்த கணத்துக்கு விசுவாசமாக இருக்கிறது.
என் மாமனாருக்கும்
பெட்ரோல் இன்றைக்கும் நாற்பது ரூபாய்.

கமிட் ஆகாததைப் பார்ப்பது முறையில்லை.
ஆனாலும் அடைப்பை எடுக்குமுன்
தனிமையின் ஆகக் கீழ்ப்படிக்கு இறங்கினேன்.
அங்கே கதவு கிடையாது.
அழுக்கு வாசிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நிறுத்தம் மூன்று என்றிருந்த இடத்தில் நான்கு.
சேர்த்திருந்த பெயர்: பெரும்பாக்கம், நூற்றுப் பன்னிரண்டாம் பிளாக்.
அனுமதி எண்: காலி.

டிப்போ போன் அடித்து ஓய்ந்தது.
அவர் கைப்பேசி
தொடர்பு எல்லைக்கு வெளியே.

கில் நானூற்றுப் பதினேழு.

நான்கு மூன்றாயிற்று.
எப்போதும் மூன்றாகவே இருந்ததுபோல் ஆயிற்று.
இருபத்து மூன்றும் ஓடின,
என்ன தாமதம் என்று ஒன்றும் கேட்கவில்லை.

எந்த அட்டவணையிலும் இல்லாத நாலாம் நிறுத்தம்
இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது,
திறந்தபடி.

காலை ஷிப்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் தாளில்
நிலை என்ற கட்டத்தில்
'சரியாகிவிட்டது' என்று எழுதினேன்.
அடித்தேன்.
பக்கத்தில் இடுக்கி
எபிநேசரின் நம்பரை எழுதிவைத்தேன்.