பாக்கி

முதல் வக்கீல் நாற்பதாயிரம் என்றார்,
நோட்டீசுக்குத் தனி.
ஒரு கை வைத்துத் தைக்க எனக்கு எண்பது பைசா.
படியிறங்குவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது:
ஐம்பதாயிரம் கை.
இருபத்தையாயிரம் பனியனுக்குக் கை வைத்தால்
எனக்குக் கைகொடுக்க ஒருத்தர் வருவார்.

இரண்டாமவர் பெருமாநல்லூரில்,
மாவுமில்லுக்கு மேல்மாடி.
பீஸ் பத்தியெல்லாம் வெசனப்படாதீங்க என்றார்.
ஊர் கேட்டார். கோயில் கேட்டார்.
அப்பன் பேரைக் கேட்டதும்
"அட, நம்ம ஒறம்பரைதானுங்களா" என்று
போனை எடுத்து
என் மாமனாரோடு பேச ஆரம்பித்தார்.
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
பாதமெல்லாம் மாவு.

"கோர்ட்டுக்குள்ளயே ஒரு ரூம் இருக்குதுக்கா,
பொம்பளைங்கன்னா காசே கேக்கறதில்ல."
நூல் பிசிறு வெட்டிக்கொண்டே
செக்கிங் மகுடேசுவரி சொன்னாள்.
இலவசம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.
காசில்லாத சாம்பிள் பீசை
நாங்கள் தைக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா?

ஆனாலும் போனேன்.
அன்றைக்குத் தைக்காத கை அறுநூறு.

வக்கீல் தமயந்தி என்னைவிடச் சின்னவள்.
தூக்குப்போசியை ஓரமாகத் தள்ளிவிட்டுப்
பேசுங்க என்றாள்.
நான் பேசி முடித்து
மறுபடியும் ஆரம்பித்து
அதையும் முடித்தேன்.
அவள் ஒருமுறையும் கடிகாரம் பார்க்கவில்லை.

"கடைசியா ஒண்ணா இருந்தது எந்தத் தேதிங்க?"

தேதி எங்கே இருக்கிறது என்னிடம்?
நீலக்கோடு போட்ட குழந்தை பனியன் ஓடிக்கொண்டிருந்தது,
டென்மார்க் ஆர்டர்.
அது கப்பலேறும் வாரம்
ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தேன்.
கதவு உள்தாழ்.
உள்ளே டிவி ஓடுகிற சத்தம்.
விடிகிற வரைக்கும் ஓடியது.

அதை அப்படியே எழுதிக்கொண்டாள்,
நீலக்கோட்டையும் சேர்த்து.
ஏற்றுமதித் தேதியைக் கம்பெனியில் கேட்டு வரச் சொன்னாள்.

"கல்யாணத்தப் பதிஞ்சிருக்கீங்களா?"
இல்லைங்க. அருமைக்காரர் செய்துவைத்தது.
போன சித்திரையில் அவரும் போய்ச் சேர்ந்தார்.
"அப்பப் பத்திரிகை வேணும். போட்டோ வேணும்."

பத்திரிகை இருந்தது,
பீரோவில், மஞ்சள் காய்ந்து.
போட்டோ காங்கேயத்தில் இருந்தது.
ஆல்பத்துக்குப் பாக்கி ஏழாயிரம்.
மாப்பிள்ளை வீடு கொடுக்கும் என்று எங்கப்பா,
பெண் வீடு கொடுக்கும் என்று அவர்கள்.
ஆறு வருசமாக அந்த ஆல்பம்தான்
நவமணி ஸ்டூடியோவில்
ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறது.

"இப்பவாச்சும் வந்தீங்களே! குழந்தைங்க எத்தனைங்க?"
தூசி தட்டிக்கொண்டே கேட்டார்.
எதற்கு என்று சொன்னேன்.
துணி பிடித்த கை அப்படியே நின்றது.
பிறகு அட்டையின் பின்பக்கத்தையும்
சுத்தமாகத் துடைத்தார், தேவையில்லாமல்.

ஏழாயிரம் என்னிடம் இல்லை.
ரெண்டு போட்டோ மட்டும் போதுமுங்க என்றேன்.
பாக்கியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.
ஒட்டிக்கிடந்த தாள்களைப் பிளேடு விட்டுப் பிரித்தோம்.
தாலி கட்டுகிற படத்தில்
என் முகத்துக்குக் குறுக்கே யாரோ மாமாவின் முழங்கை.
மாலை மாற்றுகையில் நான் தரையைப் பார்க்கிறேன்.
சீர்த்தட்டுகளுக்கு நடுவே அவர் மட்டும்.
ரெண்டு பேர் முகமும் தெளிவாகத் தெரிவது
பந்தியில் எடுத்த ஒன்றில்தான்.
இலையில் பாயசம் ஓடுகிறது.
அவர் என்னவோ சொல்கிறார்,
நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன்,
அவரும்.

என்ன சொன்னார்?
ஸ்டூடியோ வாசலில் நின்று யோசித்துப் பார்த்தேன்,
ரெண்டு பஸ் போய்விட்டது.
வரவில்லை.

வக்கீலுக்குப் போன் போட்டேன்.
சிரிச்ச மாதிரிதானுங்க இருக்குது,
கோர்ட்டில் தப்பா நினைப்பாங்களா?

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"முகம் தெரிஞ்சாப் போதுங்க" என்றாள்.