சுண்ணக்கட்டி வட்டங்கள்

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்த ரெய்னியர்
எட்டுப் படிகள் அச்சிட்ட தாளைச்
சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டிவிட்டு
மதிய விமானத்தில் திரும்பிப் போனார்.
மொபேனியில் அன்று தெற்குக் காற்று.
எண்ணெய் ஆலையின் நாற்றம்
துவைத்த துணியிலும் ஏறும் நாள்.

படியேற்ற வேண்டியவள் நான்.
கோகிலம் படையாச்சி, பகல் ஷிப்ட் மேற்பார்வை,
ஐந்து மருத்துவமனைகளின் அழுக்குக்குப் பொறுப்பு.

முதலில் அவசரத்தை உணர்த்தச் சொன்னது தாள்.
உணர்த்தினேன்.
மாதம் தொள்ளாயிரம் விரிப்புகள் காணாமல் போகின்றன,
ஒப்பந்தம் கை நழுவினால்
இந்தக் கதவுக்குப் பூட்டு வரும் என்றேன்.
இஸ்திரி உருளைக்கு அந்தப் பக்கம்
யாரோ கொட்டாவி விட்டார்கள்.
பதினோரு வருடமாக
அந்தப் பூட்டு வந்துகொண்டேதான் இருக்கிறது.

அடுத்தது, ஊர் கூடித் தேர் இழுப்பது.
வடம் பிடிக்க யார் என்று பார்த்தேன்.
சங்கத்துக் குமாலோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.
எண்ணும் மேசையில் சாகரன் மூட்லி
பென்சிலைக் காதில் செருகினார்,
அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் படம்.
திரையில் வருங்காலத் தொழிற்கூடம்:
விரிப்பின் ஓரத்தில் அரிசி அளவு சில்லு,
வாசல் தாண்டும்போதே எண்ணிவிடும் வளையம்,
நீலத்தில் அம்புகள், பச்சையில் அம்புகள்.
தண்டேக்கா கை தூக்கினாள்:
"அழகா இருக்கு. இதிலே நான் எங்கே நிக்கிறேன்?"

பதில் என்னிடம் இருந்தது.
மூன்று வாரமாக
மேசை இழுப்பறையில், ஒரு கவரில்.
"பார்க்கலாம்" என்றேன்.
எத்தனை லேசாக வந்தது அந்தச் சொல்.

இரவு சாட்ஸ்வர்த்தில் மின்வெட்டு.
டார்ச் வெளிச்சத்தில் குழம்பைச் சூடாக்கினேன்.
அது அடிப்பிடித்த பிறகுதான்
அடுப்பருகே நிற்பது உறைத்தது.

மறுநாள் ஆறு மணிக்கு முன்பே போய்
சிமென்ட் தரையில், அசல் அளவில்,
சுண்ணக்கட்டியால் வரைந்தேன்.
வளையம் இங்கே. வண்டிகள் இப்படி.
மடிக்கும் மேசை ஜன்னல் பக்கம் நகர்கிறது.
ஆளுக்கொரு வட்டம்.
மணி அடித்தது.
"போய் நில்லுங்க" என்றேன்.

நாற்பத்தொரு பேர்.
முப்பத்தெட்டு வட்டங்கள்.
எண்ணிப் பார்க்க யாருக்கும்
சில்லு தேவைப்படவில்லை.

தாளில் அதற்குப் படி இல்லை.
இரண்டு மணி நேரம் இயந்திரங்கள் நின்றன.
தலைமையகம் எனக்கு
மிக நாசூக்காக ஓர் எச்சரிக்கை அனுப்பியது.
யாரோ என் பெயரை
ஜூலுவில் எதனோடோ சேர்த்துச் சொன்னார்கள்;
புரிந்தது, புரியாதது போல நின்றேன்.

கட்டிய கையைக் குமாலோ அப்போதுதான் அவிழ்த்தார்.
"இந்த வண்டிப் பாதையே தப்பு.
ஈரத் துணி இந்த மேட்டில் ஏறாது."
பூட்ஸால் அழித்தார். என் கையிலிருந்த கட்டியைப் பிடுங்கினார்.
பிறகு ஆளாளுக்கு அழித்தார்கள்.
"கிழிஞ்சதை யார் தைக்கிறது? மறந்துட்டீங்களே"
என்று நெரோஷ்னி தனக்கொரு வட்டம் போட்டாள்.
சூட்டில் செத்த சில்லைக் கண்டுபிடித்து மாற்ற
மா ஸோண்டிக்கு ஒன்று.
ரெய்னியருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
"இது நம் மாதிரியில் இல்லையே" என்று பதில்.

சாகரனுக்கு யாரோ வரையப் போனார்கள்.
"வேண்டாம்பா" என்றார்.
"ஓய்வுக்கு இன்னும் பத்தொன்பது மாசம்.
பணத்தை வாங்கிட்டு மீன் பிடிக்கப் போறேன்.
ஆனா கோகி,
இதை நேத்தே சொல்லியிருக்கலாம்."

இப்போது வளையம் எண்ணுகிறது.
மின்வெட்டு நேரத்தில் தண்டேக்கா எண்ணுகிறாள்,
எரிச்சலோடு, சரியாக.
மாதம் நாற்பதுதான் காணோம்.
தொலைபேசியில் சொன்னேன், சாகரன் சிரித்தார்:
"அது பிரசவ வார்டு. குழந்தையைச் சுத்திக் குடுத்து அனுப்புவாங்க.
அதைத் தேடாதே."

நடுவில் வந்த படிகள் எனக்கு நினைவில்லை.
எட்டாவது மட்டும் தெரியும்: வேரூன்றச் செய்.
கோடுகள் என்றோ கழுவப்பட்டுவிட்டன.
நேற்றுச் சேர்ந்த பையன் கேட்கிறான்,
தூணுக்குப் பக்கத்தில்
இவ்வளவு காலி இடம் இருக்கிறதே,
ஏன் எல்லோரும் வண்டியை வளைத்துத் தள்ளுகிறார்கள் என்று.

அன்று காலை
வட்டமில்லாமல் சாகரன் நின்ற இடம்.
"மேடு" என்றாள் தண்டேக்கா,
என்னைப் பார்க்காமல்.
தரை அங்கே சமமாகத்தான் இருக்கிறது.