மூன்று பாகை

கஸ்தூரியார் வீதி அச்சகத்தில்
சுபோதினிக்கு நான் காட்டியது பதினொரு லோகோ.
ஒன்பதில் பனை.
"பனை எல்லாரிட்டயும் கிடக்கு.
என்ரை தூள் எதெண்டு எப்பிடித் தெரியும்?"

பேரை மட்டும் சிவப்பில் அடித்துக் கொடுத்தேன்.
சுன்னாகத்தில், இரவிரவாக,
மிளகாய் எரிக்கும் கண்ணோடு
கையால் ஒட்டினாள். எல்லாம் சரிவு.

இரண்டாம் வருசம் மெஷின் வந்தது.
லேபிள் நூல் பிடித்தாற்போல் நேர்.
மருதனார்மடத்துக் கடைக்காரர் போன் எடுத்தார்:
"பிள்ளை, கள்ளச் சாமான் எண்டு சனம் திருப்பித் தருது.
அந்தக் கோணல் பைக்கற் இல்லையோ?"

இப்போது என் கணினியில்
அவளுடைய கோப்பில் ஒரேயொரு விதி:
இடப்பக்கம் மூன்று பாகை சரியவேண்டும்.

நேற்று இணுவிலிலிருந்து ஒருத்தன்.
"அண்ணை, எனக்கும் கொஞ்சம் சரிச்சு அடியுங்கோ."
முதல் உன்ரை தூளை மணக்கத் தா என்றேன்.