எந்தப் பாதி

அந்த ஜனவரியில்
சம்பளச் சீட்டில் ஒரு புது வரி முளைத்தது.
வருமான வரிக்கும் காப்பீட்டுக்கும் கீழே
கழித்தது: இருபது.
அதை ஒட்டி,
நிறுவனம் சேர்த்தது: இருபது.
பதினொரு வருஷமாகச் சீட்டு அச்சடிக்கிறேன்,
அந்தப் பக்கத்தில்
கூட்டல் குறி போட்டது அன்றுதான்.

மேய்ன் மாநிலம். லூயிஸ்டன்.
மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள்
விடியுமுன் எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்துவிடும்.
ஓடெட் சீர் அழுக்குப் பக்கத்தில் நிற்பவள்.
பையை உதறி
மூக்குக்கண்ணாடி, பல்செட்,
ஒரு தடவை யாருடையதோ கல்யாண மோதிரம்
எடுத்துத் தனியே வைப்பவள்.
நாற்பத்தாறு வயது.
படிவத்தில் முதல் கையெழுத்து அவளுடையது.

என்ன படிக்கப் போகிறாய் என்றேன்.
"கொதிகலன்.
சுவருக்கு அந்தப் பக்கம் உறுமிக்கிட்டே இருக்கு,
இருபது வருஷமா.
என்னதான் சொல்லுதுன்னு கேட்டுடலாமே."

சாப்பாட்டு அறையில் வேறு பேச்சு.
"பொறியில வைக்கிற பாலாடைக்கட்டி"
என்றான் டெல்பர்ட்.
ஹோதான் மட்டும் ஜன்னலுக்கு வந்து கேட்டாள்:
வட்டியுள்ள கடனா, வட்டியில்லாக் கடனா?
கடனே இல்லை என்றேன்.
தர்மமா?
அதுவும் இல்லை.
அப்போ இது என்ன?
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கணக்கின் பெயர் இருந்தது. பதில் இல்லை.
அவளும் கையெழுத்துப் போட்டாள்,
பதில் பிறகு வரட்டும் என்று.

மறுவருஷம் பிப்ரவரி.
ஓடெட்டின் காரில் கியர்பெட்டி போய்விட்டது.
பனி ஒட்டிய பூட்ஸோடு வந்து நின்றாள்.
"எவ்வளவு இருக்கு?"
ஆயிரத்து நூற்றிருபது.
"குடு."
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
காரணம்: கட்டணம், புத்தகம், தேர்வு, கருவி.
கியர்பெட்டிக்கு அங்கே கட்டம் இல்லை.
"பாதி என்னோடதுதானே?"
உன் பாதியை எடுக்கலாம்.
எடுத்தால் அவர்கள் பாதி திரும்பிப் போய்விடும்.

பூட்ஸைச் சுற்றிப் பனி உருகிக் குளமானது.
ஐநூற்று அறுபது.
பக்கத்தில் இன்னோர் ஐநூற்று அறுபது.
என்னைத் திட்டினாள், பிரெஞ்சில்,
அவள் அம்மாவின் பிரெஞ்சாக இருக்கவேண்டும்,
அவ்வளவு சுத்தம்.
திட்டி முடித்துப் போய்விட்டாள்.
ஒன்பது வாரம்
அதிகாலை நாலரைக்கு ஹோதானின் காரில் வந்தாள்.

வசந்தத்தில் வகுப்பு. மாலை ஆறு முதல் ஒன்பது.
அழுக்குப் பக்கத்து மேஜையில்
பாடப்புத்தகம் ஒரு தலையணை உறைக்குள் இருக்கும்.
செப்டம்பரில் உரிமம்.
அக்டோபரில் ரம்ஃபோர்ட் காகித ஆலையில் வேலை,
மணிக்கு எட்டு டாலர் கூடுதல்.

முதலாளி ஹாஸ்கெல் என்னைக் கூப்பிட்டார்.
கோபமில்லை, கணக்குக் கேட்கிற குரல்:
"நம்ம பாதி என்ன ஆச்சு?"

ரசீதுகளை விரித்தேன்.
நீர்மட்டக் குழாயைப் படிக்கக் கற்றது எந்த டாலரில்?
அழுத்தம் ஏறும்போது
கை எங்கே போகவேண்டும் என்று கற்றது
அவள் இருபதிலா, இவர் இருபதிலா?
பாலையும் நீரையும் பிரிக்க
அன்னப்பறவை வேண்டும்.
எங்கள் ஏரியில் இருப்பது லூன்.
அதற்கு முங்கத் தெரியும்,
இரவில் கத்தத் தெரியும்,
பிரிக்கத் தெரியாது.

மிச்சம் பதினொரு டாலர் நாற்பது சென்ட்.
அதை மட்டும் சரிபாதியாக
ஐந்து எழுபது, ஐந்து எழுபது என்று எழுதினேன்.

கடைசி நாள்
கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு
சுவரில் காதை வைத்து நின்றிருந்தாள் ஓடெட்.
பிறகு தன் சம்பளச் சீட்டின் பின்பக்கம்
எதையோ கிறுக்கி
என் ஜன்னலுக்கடியில் தள்ளினாள்:

இரண்டாம் கொதிகலன்.
பாதுகாப்பு வால்வு லேசாக ஒழுகுது.
செவ்வாய்க்குள்ள பாக்கச் சொல்லு.

ஹாஸ்கெலின் கோப்பில் அதைக் குத்தி வைத்தேன்.
திங்கட்கிழமையே ஆள் வந்தான்.