ஆமென் சொல்லாத இரவு

நாற்பத்தொன்றாம் நாள்.
பின்னிரவு இரண்டு முதல் நான்கு வரை என் முறை.
டெல்ஃப்சைல் துறைமுகத்துக் காற்று
கதவிடுக்கில் நுழைந்து மெழுகுவத்தியைத் தேடுகிறது.

ஆராதனை நடக்கும்வரை போலீஸ் உள்ளே வரக் கூடாது,
சட்டம் அப்படி.
ஆகவே முடிக்காமல் இருக்கிறோம்.
பாட்டுகள் தீர்ந்தன. பிரசங்கங்கள் தீர்ந்தன.
போதகர் தெர்ப்ஸ்த்ரா தொண்டை கட்டி வீட்டில் கிடக்கிறார்.
நான் வாசிப்பது வம்ச அட்டவணை:
யார் யாரைப் பெற்றார், அவர் யாரைப் பெற்றார்.
கேட்பவர் ஒரே ஒருவர், அவரும் குறட்டை.
குறட்டை ஆராதனையில் சேருமா என்று
வக்கீலிடம் கேட்க வேண்டும்.

விசுவாசத்தால் வந்தவள் இல்லை நான்.
தூக்கம் வராத வயது,
கோயிலில் ஹீட்டர் நன்றாக எரிகிறது
என்றுதான் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்றேகாலுக்கு என் குரல் போயிற்று.
மௌனம் ஆராதனையா?
பத்து நொடி. பதினைந்து.
வெளியே கார்க் கதவு திறந்ததுபோல் ஒரு சத்தம்.

பின்னறையிலிருந்து இனேசா வந்தாள்,
காலுறை மட்டும் போட்டு.
புருண்டியில் பிறந்தாளாம், நினைவில்லை அவளுக்கு.
கனவு காண்பதெல்லாம் எங்கள் மொழியில்.
கையில் வேதாகமம் இல்லை,
மடித்து மடித்து நைந்த ஒரு கடிதம்.
வகுப்பில் வாசிப்பதுபோல்
காற்புள்ளிக்குக் காற்புள்ளி மூச்சு விட்டு வாசித்தாள்:

தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது.
இருபத்தெட்டு நாட்களுக்குள்.

அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும்.
குடியேற்ற அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம்
அதைத் தட்டச்சு செய்த விரல்கள் இவை.
'வருந்துகிறோம்' என்றொரு சொல் முன்பு இருந்தது.
ஒரே பக்கத்தில் அடங்கவில்லை என்று
நான்தான் எடுத்தேன்.

பத்திக்குப் பத்தி நிறுத்தினாள்.
வேறென்ன சொல்ல,
ஆண்டவரே, எங்களுக்கு இரங்கும் என்றேன்,
உதடு மட்டும் அசைய.
குறட்டைக்காரரும் எழுந்து உரக்கச் சொன்னார்.
கோப்பு எண்ணையும் விடாமல் வாசித்தாள், ஏழு இலக்கம்.
அதற்கும் இரங்கும் என்றோம்.

கடைசி வரி:
இது கணினி அச்சு, கையொப்பம் தேவையில்லை.
எழுபது வருடப் பழக்கம்,
என் வாய் 'ஆ' என்று திறந்துவிட்டது.
குளிர்ந்த விரலை என் உதட்டில் வைத்தாள் இனேசா.
கடிதத்தின் தலைப்புக்குத் திரும்பினாள்.

நான்கு மணி ஆள்
நனைந்த குடையோடு வந்து பக்கத்தில் நின்றார்.
தாழ்ந்த குரலில் கேட்டார்:
எந்த அதிகாரம்?